பாலத்தை இழைப்பட்டையால் பலப்படுத்துகிறீர்களா? திரும்பத் திரும்ப வரும் சுமைக்கு அது தாங்குமா என்று பார்க்க ஒரு முழு வழிகாட்டி

சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகருக்கு அருகே இபாக் பாலத்தில் போக்குவரத்து விளக்கு பொருத்தத் துளை போட்டபோது, கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்க உள்ளே இழுத்துக் கட்டியிருந்த முன்தகைவுக் கேபிள் ஒன்று அறுபட்டுவிட்டது. 1991-இல் அதைச் சரிசெய்ய அடிப்பக்கத்தில் கார்பன் இழைப் பட்டைகளை ஒட்டினார்கள். எஃகுத் தகடு என்றால் 175 கிலோ தேவைப்பட்டிருக்கும். கார்பன் பட்டைக்கு வெறும் 6.2 கிலோ போதுமானதாக இருந்தது. டூபென்டார்ஃபில் உள்ள எம்பா ஆய்வகத்தில் ஊர்ஸ் மையர் குழுவினர் பல ஆண்டுகள் சோதித்த முறை அது. அதன் பிறகு உலகம் முழுக்கப் பாலங்களிலும் கட்டடங்களிலும் இந்த முறை பரவியது.

ஆனால் பாலத்தின் மேல் சுமை ஒரு தடவை வந்து நிற்பதில்லை. ஒவ்வொரு லாரியும் ஒரு தடவை வளைத்துவிட்டுப் போகிறது. இப்படித் திரும்பத் திரும்ப வரும் சுமையால் ஒரு பொருள் மெல்ல மெல்லப் பலவீனமாகி முறிவதைத்தான் சோர்வு என்கிறோம். 'கார்பன் இழை அவ்வளவு வலுவானது, சோர்வைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்' என்று விற்பனைப் பிரசுரங்கள் சொல்வதில் பாதி உண்மை. இழை தாங்கும். அதைச் சுற்றியிருக்கிற பழைய கம்பியும், பசையும், பசைக்கு மேலே உள்ள சில மில்லிமீட்டர் கான்கிரீட்டும் தாங்குமா என்பதுதான் கேள்வி. இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சரிபார்ப்பதைப் பற்றித்தான். பீம் வடிவமைப்பு ஓரளவு தெரிந்த டிப்ளமோ, பட்டதாரிப் பொறியாளர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: எத்தனை தடவை, எவ்வளவு ஏற்ற இறக்கம்

முதலில் சுழற்சிகளை எண்ணுங்கள். ஒரு தடத்தில் நாளொன்றுக்கு 1,000 கனரக வண்டிகள் போனால், 50 ஆண்டுகளில் 1 கோடியே 82 லட்சம் சுழற்சிகள். ஆய்வகங்களில் வழக்கமாகச் சோதிக்கும் 20 லட்சம் சுழற்சிகள் இந்தப் பாலத்துக்கு ஐந்தரை ஆண்டிலேயே தீர்ந்துவிடும். ஆகவே ஒரு தயாரிப்பாளர் '20 லட்சம் சுழற்சி சோதனையில் தேறியது' என்று காகிதம் காட்டினால், உங்கள் சாலையின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

அடுத்தது, எந்தச் சுமை? உச்சகட்டச் சுமையைச் சோர்வுக்கு எடுக்கக் கூடாது. அது பாலத்தின் வாழ்நாளில் ஒன்றிரண்டு தடவை வரலாம், வராமலும் போகலாம். தினசரி வருகிற கனமான லாரிதான் சோர்வை உண்டாக்குகிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 6 விதி இதற்கென்றே 40 டன் லாரி ஒன்றைத் தனியாக வரையறுத்திருக்கிறது. துறைமுகம், சுரங்கம், பெரிய தொழிற்சாலை அருகே உள்ள பாலங்களுக்கு 1 கோடி சுழற்சி, மற்றவற்றுக்கு 20 லட்சம் என்று பிரித்தும் வைத்திருக்கிறது.

இரண்டு எண்களை எப்போதும் பிரித்தே எழுதிக்கொள்ளுங்கள்: நிரந்தரச் சுமையால் எப்போதும் இருக்கும் குறைந்தபட்சத் தகைவு (ஒரு சதுர மி.மீ. பரப்பில் வரும் விசை) ஒன்று, வண்டி வந்து போவதால் ஏற்படும் தகைவு வீச்சு இன்னொன்று. எஃகுக் கம்பியின் ஆயுளைப் பெரும்பாலும் வீச்சுதான் தீர்மானிக்கிறது. கார்பனுக்குப் பதில் சில இடங்களில் பயன்படும் கண்ணாடி இழைக்கோ நிலையாக இருக்கும் தகைவே ஆபத்து. ஏன் என்று அடுத்துப் பார்ப்போம்.

படி 2: யார் முதலில் களைத்துப்போவார்

கார்பன் இழை முறியும் வரை கிட்டத்தட்ட நேர்கோட்டில் நீளும். எஃகைப் போல உள்ளுக்குள் நெகிழ்ந்து நெகிழ்ந்து சேதம் சேர்த்துவைக்கும் பழக்கம் அதற்கு இல்லை. சேதம் தொடங்குவது இழைகளைப் பிடித்திருக்கும் ரெசினில்தான்: முதலில் நுண்ணிய விரிசல், அப்புறம் இழைக்கும் ரெசினுக்கும் நடுவே பிரிவு, கடைசியாக இழைகள் ஒவ்வொன்றாக அறுதல். அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் ஏசிஐ 440 ஆவணங்கள் தரும் பொதுவான அளவு இது: சுழற்சி எண்ணிக்கை பத்து மடங்கு கூடும் ஒவ்வொரு தடவையும், கார்பன் தன் தொடக்க வலிமையில் 5 முதல் 8 சதவீதம் இழக்கிறது. 10 லட்சம் சுழற்சியில் 60 முதல் 70 சதவீதம் மிஞ்சும்.

கண்ணாடி இழை அப்படி இல்லை. பத்து மடங்குக்கு ஒரு தடவை சுமார் 10 சதவீதம் போகும். அதாவது 10 லட்சத்தில் 40 சதவீதம், 1 கோடியில் 30 சதவீதம்தான் மிச்சம். அதோடு, சுமை ஏறி இறங்காமல் சும்மா நின்றாலே கண்ணாடி வலுவிழக்கும். இழையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கீறல்களில் ஈரம் புகுந்து, தகைவோடு சேர்ந்து, மெல்ல மெல்லக் கீறலை ஆழமாக்குகிறது. கான்கிரீட்டின் காரத்தன்மை இதை இன்னும் துரிதப்படுத்தும். ஆகவேதான் ஏசிஐ 440.2ஆர் வழிகாட்டி, நிலைச்சுமையும் சுழற்சிச்சுமையும் சேர்ந்த தகைவுக்கு வைத்திருக்கும் வரம்புகள் இவ்வளவு வேறுபடுகின்றன: கார்பனுக்கு வடிவமைப்பு வலிமையில் 0.55 பங்கு, அராமிடுக்கு (கெவ்லார் வகை இழை) 0.30, கண்ணாடிக்கு 0.20.

சரி, கார்பன் நன்றாகத் தாங்கும் என்றால் பட்டை ஒட்டிய பீம் எப்படித்தான் தோற்கிறது? எம்பா சோதனைகளிலேயே பதில் இருக்கிறது. இழைத்தாள் ஒட்டிய ஒரு சிறிய பீமில், வேண்டுமென்றே கடுமையான சுமையை ஏற்றி இறக்கியபோது, சுமார் 4.8 லட்சம் சுழற்சியில் முதல் எஃகுக் கம்பி முறிந்தது. அதன் பிறகு மற்ற முறிவுகள் வரிசையாக வந்தன. இழைத்தாள் முற்றாக அறுந்தது 8 லட்சத்தைத் தாண்டித்தான். யதார்த்தத்துக்கு நெருக்கமான சுமையில் சோதித்த இன்னொரு பெரிய பீம் 1 கோடி சுழற்சிகளைக் கடந்தது. பின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஏற்றிச் சோதனையைத் தொடர்ந்தார்கள். அங்கேயும் முதலில் போனது கம்பிதான்.

படி 3: கம்பியின் கணக்கை முதலில் முடியுங்கள்

ஒரு உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். பீமின் அகலம் 300 மி.மீ., மொத்த ஆழம் 600, கம்பி வரை ஆழம் 540. அடியில் 25 மி.மீ. கம்பி நான்கு, அதாவது 1,963 சதுர மி.மீ. கான்கிரீட் எம்30 (கனசதுர மாதிரியின் அமுக்க வலிமை 30 மெகாபாஸ்கல்), கம்பி எஃப்இ 415 (நெகிழ்வு வலிமை 415 மெகாபாஸ்கல்). கம்பிக்கும் கான்கிரீட்டுக்குமான யங் குணக விகிதம் 7.3.

நிரந்தரச் சுமையின் வளைவுத்திருப்புமை 90 கிலோநியூட்டன் மீட்டர். வண்டியால் வருவது முன்பு 110. இப்போது கனமான லாரிகள் வருவதால் 150.

விரிசல் விட்ட வெட்டுமுகத்தில் நடுநிலை அச்சு மேலிருந்து 184 மி.மீ.-இல் விழுகிறது. நிலைமத் திருப்புமை 244 கோடி மி.மீ. நான்காம் அடுக்கு. இதிலிருந்து நிரந்தரச் சுமை கம்பியில் 96 மெகாபாஸ்கல் தருகிறது. வண்டி 110-ஆக இருந்தபோது வீச்சு 117 மெகாபாஸ்கல். 150 ஆனால் 160.

இப்போது 100 மி.மீ. அகலம், 1.4 மி.மீ. தடிப்புள்ள கார்பன் பட்டை ஒன்றை அடியில் ஒட்டுகிறோம். யங் குணகம் 165 கிகாபாஸ்கல், இழுவலிமை 2,800 மெகாபாஸ்கல். நடுநிலை அச்சு 189 மி.மீ.-க்கு இறங்குகிறது, நிலைமத் திருப்புமை 258 கோடி ஆகிறது. கம்பியின் வீச்சு 160-இலிருந்து 149-க்குக் குறைகிறது. பட்டையில் ஏற்படும் வீச்சு 144.

பட்டையின் பக்கம் பாருங்கள். வெளிச்சூழலுக்கான 0.85 குறைப்பெண்ணைப் போட்டால் வடிவமைப்பு வலிமை 2,380, அதில் 0.55 பங்கு 1,309 மெகாபாஸ்கல். நமக்கு வருவது 144. வரம்பில் 11 சதவீதம்தான். (பட்டையை ஒட்டும்போது நிரந்தரச் சுமை ஏற்கெனவே கம்பியில் ஏறிவிட்டது. அதனால் பட்டைக்கு வண்டியின் பங்கு மட்டுமே வருகிறது.) இந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு 'சோர்வு பிரச்சினை இல்லை' என்று அறிக்கை எழுதினால், அது தவறான அறிக்கை.

கம்பியின் பக்கம் வாருங்கள். மொத்தத் தகைவு 96 உடன் 149 சேர்த்து 245. ஏசிஐ சொல்லும் வரம்பு நெகிழ்வு வலிமையில் 0.80 பங்கு, அதாவது 332. தேறிவிட்டது. ஆனால் வீச்சு? அமெரிக்க ஆஷ்டோ பால விதிகளில் சில காலம் இருந்த எளிய சூத்திரம்: 166 மெகாபாஸ்கலிலிருந்து குறைந்தபட்சத் தகைவின் 0.33 பங்கைக் கழிக்க வேண்டும். நமக்கு 134 வருகிறது. 149 அதைத் தாண்டிவிட்டது. பின்னாளில் அந்தச் சூத்திரத்தை மாற்றியிருக்கிறார்கள். உங்கள் வேலைக்கு உங்கள் நாட்டின் நடப்பு விதியையே எடுங்கள். முறை ஒன்றுதான்.

ஆக, பட்டை ஒட்டிய பிறகும் இந்தப் பீமின் கம்பி ஒருநாள் முறியக்கூடும். வலிமைக் கணக்கில் பீம் தாராளமாகத் தேறியிருக்கும். ஒரு பட்டை வலிமையைக் கணிசமாகக் கூட்டும். ஆனால் கம்பியின் அன்றாட வீச்சை 7 சதவீதம் மட்டுமே குறைக்கும். பலரும் தவறவிடும் இடம் இதுதான்.

பட்டையைக் கூட்டினால்? இரண்டு பட்டையில் வீச்சு 139, மூன்றில் 131. மூன்றில்தான் தேறுகிறது. ஆனால் 300 மி.மீ. அகலத்தில் 100 மி.மீ. பட்டை மூன்றை இடைவெளி விட்டு ஒட்ட இடமில்லை. வழிகள் மூன்று. பட்டைகளை இரண்டு அடுக்காக ஒட்டலாம். ஆனால் பசைத்தளத்தின் மீதான சுமை கூடும். கான்கிரீட் உறையில் காடி வெட்டி அதற்குள் பட்டையைச் செருகலாம். பிடிப்பு நன்றாக இருக்கும், உறை போதிய தடிமன் இருந்தால் மட்டும். மூன்றாவது, பட்டையை இழுத்து முன்தகைவு கொடுத்து ஒட்டுவது. செலவும் கருவியும் அதிகம். ஆனாலும் கம்பியின் சோர்வுதான் பிரச்சினை என்றால் நான் முதலில் யோசிப்பது இதைத்தான். சும்மா ஒட்டிய பட்டை நிரந்தரச் சுமையைத் தொடவே தொடாது. இழுத்து ஒட்டியது கம்பியின் குறைந்தபட்சத் தகைவையே இறக்கிவிடும், விரிசல்களையும் மூடும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வரம்புகள் நேரான, நல்ல நிலையிலுள்ள கம்பிக்கு. துருப்பிடித்துக் குழி விழுந்த கம்பி, கட்டும்போது வெல்டிங் பொட்டு வைத்த கம்பி, வளைத்த இடம் ஆகியவற்றின் ஆயுள் இதைவிட மிகக் குறைவு. துருவை அப்படியே விட்டு மேலே பட்டை ஒட்டுவது நோயை மூடிவைப்பதற்குச் சமம். அதோடு கார்பன் மின்கடத்தி; எஃகை நேரடியாகத் தொட்டால் எஃகின் துரு இன்னும் வேகமெடுக்கும். இரண்டுக்கும் நடுவே பசையோ கண்ணாடி இழை அடுக்கோ கட்டாயம் இருக்க வேண்டும்.

படி 4: பசைத்தளம்

பட்டை தன் முழு வலிமையை எட்டுவதற்கு முன்பே உரிந்துவிடும். ஏசிஐ 440.2ஆர் தரும் உரிதல் திரிபைக் (எவ்வளவு நீண்டால் உரியும் என்ற விகிதம்) கணக்கிட, கான்கிரீட்டின் அமுக்க வலிமையை, அடுக்குகளின் எண்ணிக்கை, யங் குணகம், தடிப்பு ஆகியவற்றின் பெருக்கலால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 0.41-ஆல் பெருக்குங்கள். நம் பட்டைக்கு, கான்கிரீட்டின் உருளை மாதிரி வலிமை 25 மெகாபாஸ்கல் என்றால், 0.0043 வருகிறது. பட்டையின் முறிவுத் திரிபு 0.0144. அதாவது 30 சதவீதத்திலேயே உரிந்துவிடும். தகைவாகச் சொன்னால் சுமார் 700 மெகாபாஸ்கல். நம் அன்றாட வீச்சு 144 அதில் ஐந்தில் ஒரு பங்கு. நல்ல இடைவெளி.

சூத்திரத்தைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும்: அடுக்கைக் கூட்டக் கூட்ட உரிதல் திரிபு குறையும். இரண்டு அடுக்கு போட்டால் 0.0043 சுமார் 0.0030 ஆகிவிடும். மெல்லிய, அகலமான பட்டை எப்போதும் மேல்.

உரிதல் பெரும்பாலும் இரண்டு இடத்தில் தொடங்கும். ஒன்று, நடுவில் உள்ள வளைவு விரிசலின் வாய். வண்டி போகும் ஒவ்வொரு தடவையும் விரிசல் திறந்து மூட, அதன் இருபுறமும் பசை இழுபடுகிறது. இன்னொன்று, பட்டை முடியும் முனை. முனையைக் கையாள விதிகள் உண்டு: பட்டை விரிசல் தொடங்கும் திருப்புமைப் புள்ளியைத் தாண்டிப் பிடிப்பு நீளம் வரை போக வேண்டும் (நம் உதாரணத்தில் 215 மி.மீ.), பல அடுக்கு என்றால் ஒவ்வொன்றும் 150 மி.மீ. தள்ளித் தள்ளி முடிய வேண்டும். முனையில் வெட்டுவிசை கான்கிரீட்டின் வெட்டு வலிமையில் 0.67 பங்கைத் தாண்டினால் பீமைச் சுற்றி இழைத்துணியால் 'யு' வடிவச் சுற்று போட வேண்டும். சுழற்சிச் சுமை உள்ள பாலம் என்றால், விதி கேட்காவிட்டாலும் முனையில் ஒரு சுற்றுப் போட்டுவிடுங்கள் என்பேன். கொஞ்சம் துணியும் ரெசினும்தான் செலவு.

முனைதான் எப்போதும் தலைவலி என்பதற்கு வின்டர்தூர் நகரத்துப் பாலமும் சாட்சி. 1996-இல் சுவிட்சர்லாந்தில் உள்ள அங்கே 24 தாங்கு கேபிள்களில் இரண்டைக் கார்பன் கம்பிகளால் செய்தார்கள். கம்பி தயாராக இருந்தது. அதைப் பிடிக்கிற நங்கூரம்தான் கடினமான வேலை. விறைப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் படிப்படியாக மாறும் கூம்பு நிரப்பியை எம்பா இதற்கென உருவாக்க வேண்டியிருந்தது.

வெப்பத்தையும் விடாதீர்கள். அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸிகள் பல 60 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரத்திலேயே இளகத் தொடங்கும். பசையின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (விறைப்பு போய் இளகும் வெப்பநிலை), அந்த இடத்தின் அதிகபட்ச வெப்பத்தைவிட 15 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். பீமின் அடிப்பக்கம் நிழலில் இருப்பதால் தப்பிக்கும். டெக்கின் (வண்டி ஓடும் கான்கிரீட் தளம்) மேல்பக்கத்தில் பட்டை ஒட்டினால், வெயிலும் அதன்மேல் போடும் சூடான தாரும் இரண்டும் எதிரி. அங்கே வேறு பசை அல்லது வேறு முறை தேவை.

படி 5: களத்தில்

மேற்பரப்பை நன்றாகத் தேய்த்து, பால்படலம் (மேலே படிந்த பலவீனமான சிமெண்ட் படிவு) நீங்கி ஜல்லி லேசாகத் தெரியும் வரை கொண்டுவர வேண்டும். 0.3 மி.மீ.-க்கு மேற்பட்ட விரிசல்களில் முதலில் எபாக்ஸி ஏற்ற வேண்டும். சுற்றுத் துணி திரும்பும் மூலைகளை 13 மி.மீ. ஆரத்துக்கு உருட்ட வேண்டும். பிறகு இழுத்துப் பறிக்கும் சோதனை: குறைந்தது 1.4 மெகாபாஸ்கல் வர வேண்டும், பிரிவு கான்கிரீட்டுக்குள் நடந்திருக்க வேண்டும். பசையில் பிரிந்திருந்தால் எண் நன்றாக இருந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒட்டும் வேலை சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். மேற்பரப்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். கடலோர ஊர்களில் விடிகாலை வேலையை இது அடிக்கடி தள்ளிப்போடும், தள்ளிப்போடத்தான் வேண்டும். பசை இறுகும் நேரத்தில் பாலத்தில் கனரக வண்டிகளை விடாதீர்கள். முடியாவிட்டால் வேகத்தையாவது குறையுங்கள்.

படி 6: புது டெக்கில் கண்ணாடி இழைக் கம்பி போடுவதானால்

இங்கே கதை வேறு. உள்ளே எஃகு இல்லை. சோர்வு முழுக்க இழையின் பொறுப்பு. 2018-இல் வந்த ஆஷ்டோவின் கண்ணாடி இழைக் கம்பி விதிகள் சோர்வுக்கு 0.25 பங்கும், நிலைச்சுமை முறிவுக்கு 0.30 பங்கும் வைத்திருக்கின்றன. 700 மெகாபாஸ்கல் உத்தரவாத வலிமை உள்ள கம்பிக்கு, 0.70 சூழல் குறைப்பெண் போட்டால் 490. அதில் கால் பங்கு 122 மெகாபாஸ்கல். யங் குணகம் எஃகில் கால் பங்கு அளவே என்பதால் விரிசல் அகலமும் தொய்வும் பெரும்பாலும் இதற்கு முன்பே கட்டுப்படுத்திவிடும். கம்பியின் அளவை அவைதான் தீர்மானிக்கும். சோர்வுச் சரிபார்ப்பு தானாகவே தேறும். ஆனாலும் போட்டுப் பாருங்கள்.

டெக் ஸ்லாப் பெரும்பாலும் வளைந்து முறிவதில்லை, சக்கரத்தின் கீழ் குத்துண்டு துளைபடும். ஒசாகா பல்கலைக்கழகத்தில் மாட்சுயி ஷிகெயுகி உருளும் சக்கரச் சோதனைக் கருவியால் காட்டியது முக்கியமானது: ஒரே இடத்தில் ஏற்றி இறக்கும் சுமையைவிட, உருண்டு போகும் சக்கரம் ஸ்லாபை மிக வேகமாகக் கெடுக்கிறது, மேலே தண்ணீர் தேங்கினால் ஆயுள் இன்னும் சரிகிறது. ஆகவே எந்தக் கம்பி போட்டாலும் நீர்புகாப் படலமும் வடிகாலும் சோர்வு வடிவமைப்பின் பகுதிதான். சோதனை அறிக்கை கேட்கும்போது, சக்கரம் உருண்டதா, நின்றதா என்றும் கேளுங்கள்.

கண்ணாடி இழை காரத்தில் கரைந்துவிடும் என்ற பயம் 1990-களில் பலமாக இருந்தது. கனடாவில் கால்கேரியின் குரோசைல்ட் டிரெயில் பாலம் உட்பட ஐந்து கட்டுமானங்களிலிருந்து, ஐந்து முதல் எட்டு ஆண்டு பயன்பாட்டுக்குப் பிறகு, கான்கிரீட் மாதிரிகளை வெட்டி எடுத்துப் பார்த்தபோது கம்பிகளில் சிதைவு தெரியவில்லை. ஆய்வகத்தில் சூடான காரக் கரைசலில் ஊறவைத்த கம்பிகள் கெட்ட அளவுக்கு உண்மைப் பாலத்தில் கெடவில்லை. அது நம்பிக்கை தருகிறது. ஆனால் எட்டு ஆண்டு எழுபத்தைந்து ஆண்டு ஆகாது. 0.25-ஐத் தளர்த்த அதைக் காரணமாக எடுக்கக் கூடாது.

படி 7: ஒட்டிய பிறகு பார்க்க வேண்டியவை

சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். வெற்றிடம் உள்ள இடத்தில் ஒலி மாறும். களத்தில் ரெசின் பூசி ஒட்டிய துணிக்கு ஏசிஐ தரும் அளவுகோல்: 1,300 சதுர மி.மீ.-க்குக் குறைந்த வெற்றிடம், மொத்தப் பரப்பில் 5 சதவீதத்துக்குள், சதுர மீட்டருக்குப் பத்துக்குள் இருந்தால் விடலாம். அதற்கு மேல் 16,000 வரை ரெசின் ஏற்றலாம். அதையும் தாண்டினால் வெட்டி எடுத்துத் துண்டு போட வேண்டும். தொழிற்சாலையில் வார்த்த பட்டைகளுக்கு ஒவ்வொரு வெற்றிடத்தையும் தனியாக ஆராய வேண்டும்.

முதல் ஆய்விலேயே வெற்றிடங்களின் எல்லையைப் பெயின்ட்டால் குறித்துத் தேதி போட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு தட்டும்போது எல்லை நகர்ந்திருந்தால், சுழற்சிச் சுமை பசையைத் தின்கிறது. முனைகளையும் பெரிய விரிசல்கள் கடக்கும் இடங்களையும் முதலில் பாருங்கள். பட்டை அப்படியே பளபளவென்று இருக்க, அதைக் கடக்கும் விரிசல் ஒன்று மட்டும் திடீரென்று அகலமானால், உள்ளே ஒரு கம்பி முறிந்திருக்க வாய்ப்புண்டு. அன்றே கனரக வண்டிகளை வேறு தடத்துக்குத் திருப்பிவிட்டு, அந்த விரிசல் இருக்கும் இடத்தில் பட்டைக்குப் பக்கவாட்டில் உறையைத் திறந்து கம்பியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.